ஹார்மண்ட்ஸ்வர்த் கிராமத்துக்காக, மேற்கு லண்டன் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மேற்கு லண்டனில் தமிழ்ச் சங்கங்களையும், கோவில் நிர்வாக சபைகளையும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளையும், பழைய மாணவர் சங்கங்களையும் பொறுப்பெடுத்து நடத்துகிற அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

ஹீத்ரோ விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதை பற்றி நம் கூட்டங்களில் யாரும் அதிகம் கதைப்பதில்லை. கதைத்தாலும் இரண்டு கேள்விகள்தான் வரும். வேலை கிடைக்குமா? கொழும்புக்கும் சென்னைக்கும் டிக்கெட் விலை குறையுமா? இரண்டும் நியாயமான கேள்விகள். நம்மில் எத்தனையோ குடும்பங்கள் அந்த விமான நிலையத்தின் சம்பளத்தில்தான் வீட்டுக் கடன் கட்டின, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. பொதி ஏற்றுகிற இடத்திலும், சுங்கத் தீர்வையில்லாக் கடைகளிலும், துப்புரவு வேலையிலும், பாதுகாப்புச் சோதனையிலும் நம் சனம் இல்லாத பகுதி கிடையாது. நானும் அங்கே வேலை செய்தவன். ஆனால் அந்த ஓடுபாதை யாருடைய வீட்டின் மேல் வரப்போகிறது என்று நாம் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்கச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

அது வரப்போவது ஹார்மண்ட்ஸ்வர்த், லோங்ஃபோர்ட், சிப்சன் என்ற மூன்று கிராமங்களின் மேல். லோங்ஃபோர்ட் முழுவதுமாகப் போகும். ஹார்மண்ட்ஸ்வர்த்தில் ஏறக்குறைய பாதி போகும், பிள்ளைகளின் ஆரம்பப் பள்ளியும் அதில் அடக்கம். 2015இல் விமான நிலைய ஆணைக்குழு தன் அறிக்கையில் கொடுத்த கணக்கின்படி இடிபடும் வீடுகள் 783. ஹேய்ஸிலிருந்து காரில் கால் மணி நேரத் தொலைவில் இருக்கிற ஊர் இது. நம்மில் பெரும்பாலானோருக்கு அந்தப் பெயர் ஒரு தடுப்பு முகாமின் பெயராகத்தான் தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வில்லியம் மன்னன் இங்கிலாந்தைக் கைப்பற்றிய மூன்றாம் ஆண்டில், 1069இல், இந்த ஊரைப் பிரான்சின் ரூவான் நகரத்து மடம் ஒன்றுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டான். 1086இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கில் ஊரின் பெயர் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில், மடம் கேட்ட வரிகளும் ஊழியங்களும் தாங்க முடியாமல், இந்த ஊர்க் குடியானவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதே டூம்ஸ்டே கணக்கைப் புரட்டிப் பார்த்துத்தான் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார்கள். எங்கேயோ இருக்கிற பெரிய கை ஒன்று தங்கள் நிலத்தைத் தீர்மானிப்பதும், ஊர்ச் சனம் அதை எதிர்த்து வழக்குப் போடுவதும் அங்கே இன்று நேற்றுத் தொடங்கியதல்ல.

1391இல் ஊர் கைமாறியது. வின்செஸ்டர் ஆயர் வில்லியம் ஒஃப் விக்கம், தான் நிறுவிய வின்செஸ்டர் கல்லூரிக்கு வருமானம் வர வேண்டும் என்று இதை வாங்கிக் கொடுத்தார். கல்லூரிக்காரர் 1420களில் தங்கள் நிலத்து விளைச்சலை வைக்க ஒரு களஞ்சியம் கட்டினார்கள். மரங்கள் எந்த ஆண்டில் வெட்டப்பட்டன என்பதை வளையங்களை எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கட்டி முடிந்தது 1426ஐ ஒட்டி. அதாவது இன்றைக்கு அதற்கு 600 வயது.

இந்தக் களஞ்சியத்தை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். 58 மீட்டருக்கு மேல் நீளம், 12 மீட்டர் அளவுக்கு உயரம். வெளியே இருந்து பார்த்தால் கறுத்த பலகைச் சுவரும் ஓட்டுக் கூரையும்தான். உள்ளே போய் நின்றால் தானாகவே தலை மேலே போகும். இரண்டு பக்கமும் வரிசையாக ஓக் மரத் தூண்கள். மரத்தின் அடி ஈரம் பிடித்து உக்கிவிடக் கூடாதென்று தூண்களை நேரே நிலத்தில் நடாமல் கல்லின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். சில இடங்களில் எந்தக் கட்டையை எதில் பொருத்துவது என்று தச்சர்கள் உளியால் வெட்டி வைத்த அடையாளங்கள் இன்னமும் தெரிகின்றன. விரலால் தடவிப் பார்க்கலாம். நடுவில் கதிர் அடிக்கிற தளம். கோதுமை, பார்லி, ஓட்ஸ் என்று ஊரின் வயலெல்லாம் இதற்குள் வந்து சேர்ந்திருக்கிறது. மரத்தில் பெரும்பகுதி இன்றும் அன்று வைத்த அதே மரம். கவிஞர் ஜோன் பெட்ஜமன் இதை மிடில்செக்ஸின், அதாவது இந்தப் பகுதி அடங்கிய பழைய மாவட்டத்தின், பேராலயம் என்றார். பெரிய கோவில்களின் தூண் மண்டபங்களில் நடந்து பழகிய நமக்கு அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது உள்ளே போன உடனே விளங்கும்.

இந்தக் கட்டடம் அண்மைக் காலத்தில் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 2006இல் ஜிப்ரால்டரில் பதிந்த ஒரு கம்பனி இதை ஒரு பவுணுக்கு வாங்கியது. வாங்கிவிட்டுப் பராமரிக்கவில்லை. ஊர்க்காரர்கள் விடாமல் முறையிட்டார்கள். கடைசியில் 2012இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பு 20,000 பவுணுக்கு வாங்கித் திருத்தியது. இன்றைக்கு அதைத் திறந்து வைத்து ஆட்களுக்குச் சுற்றிக் காட்டுகிறவர்கள் ஊரின் தொண்டர்கள். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் திறந்திருக்கும், கட்டணம் இல்லை.

களஞ்சியத்துக்குப் பக்கத்தில் புனித மேரி தேவாலயம். தெற்கு வாசலில் 12ஆம் நூற்றாண்டின் நோர்மன் கல்வேலை அப்படியே இருக்கிறது. கடையில் நாம் வாங்குகிற கொக்ஸ் ஆப்பிள் இருக்கிறதே, அதை உண்டாக்கிய ரிச்சர்ட் கொக்ஸின் கல்லறை இந்தத் தேவாலய வளவில்தான் இருக்கிறது. மதுவடிப்புத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்று, பக்கத்து ஊரான கோல்ன்புரூக்கில் குடியிருந்து, 1825ஐ ஒட்டி ஒரு விதையை முளைக்க வைத்தவர் அவர். கொக்ஸ் ஆப்பிள் மரங்கள் எல்லாம் அந்த ஒரு விதையில் இருந்து வந்தவை. இந்த மண் அப்படிப்பட்ட மண். விமான நிலையம் வருவதற்கு முன்னால் லண்டனின் கொவன்ட் கார்டன் சந்தைக்கு மரக்கறியும் பழமும் அனுப்பிய தோட்டங்கள் இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க இருந்தன. இங்கிலாந்தின் நல்ல தோட்ட நிலங்களில் இதுவும் ஒன்று. அதன் மேல்தான் நாம் விமானம் ஏறுகிறோம்.

ஹீத்ரோ என்பதே ஒரு கிராமத்தின் பெயர். நம் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும். ஹார்மண்ட்ஸ்வர்த் பங்கைச் சேர்ந்த சிறிய குடியிருப்பு அது. 1784இல் ஜெனரல் வில்லியம் ரோய் பிரித்தானியாவின் நில அளவைக்கு அடிப்படையான அளவுக் கோட்டை அளக்கத் தொடங்கியது அங்கிருந்துதான். அந்தக் கோட்டின் ஒரு முனையைக் காட்டுவதற்குப் புதைத்த பீரங்கிக் குழல் இப்போதும் விமான நிலையத்தின் வடக்கு ஓரத்துத் தெருவில் நிற்கிறது. 1930ஐ ஒட்டி ஃபேரி விமானக் கம்பனி அங்கே ஒரு சிறிய ஓடுதளம் வைத்திருந்தது. 1944இல் போர்க்கால அவசரச் சட்டத்தைப் பயன்படுத்தி அரசு ஊரையே எடுத்துக்கொண்டது. விமானப்படைக்குத் தேவை என்று சொன்னார்கள். அவசரச் சட்டம் என்பதால் பொது விசாரணை இல்லை, ஊர்ச் சனம் வாய் திறக்க வழியில்லை. வீடுகளும் பண்ணைகளும் பழத்தோட்டங்களும் அந்த ஆண்டிலேயே இடிபட்டன. அப்போது விமானத் துறையின் துணை அமைச்சராக இருந்த ஹரல்ட் பல்ஃபர், உண்மையான நோக்கம் போருக்குப் பிந்திய பயணிகள் விமான நிலையம்தான் என்றும், அதை மறைத்துத்தான் நிலத்தை எடுத்தோம் என்றும் பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் ஒப்புக்கொண்டார். 1946இன் முதல் நாளே அந்த இடம் பயணிகள் விமானத் துறையின் கைக்குப் போய்விட்டது.

அதோடு விட்டார்களா? விமான நிலையத்தின் வடக்கு ஓரமாக ஓடுகிற பாத் ரோட்டுக்கு அப்பாலும் விரிப்பதாகத் திட்டம் போட்டார்கள். சிப்சனும் ஹார்லிங்டனும் அதில் போக வேண்டியவை. 1952இல் கைவிட்டார்கள். 2003இல் ஓர் அரசு வெள்ளை அறிக்கை மூன்றாவது ஓடுபாதையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2009 ஜனவரியில் அனுமதித்தார்கள். அதைப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கே விடவில்லை என்று ஹேய்ஸ், ஹார்லிங்டன் தொகுதி எம்.பி. ஜோன் மெக்டொனல் சபையின் செங்கோலை எடுத்து வைத்து, ஐந்து நாள் இடைநிறுத்தப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2010இல் புதிய அரசு வந்து ரத்துச் செய்தது. 2015இல் ஆணைக்குழு மறுபடியும் பரிந்துரைத்தது. 2018 யூனில் பாராளுமன்றம் 415க்கு 119 என்று வாக்களித்து ஏற்றது. 2020 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவு சட்டப்படி செல்லாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பிறகு கொரோனா வந்து எல்லாம் நின்றது. 2025 ஜனவரியில் நிதி அமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் மறுபடியும் ஆதரவு தெரிவித்தார். நவம்பரில் அரசு ஹீத்ரோ நிறுவனத்தின் 3.5 கிலோமீட்டர் ஓடுபாதைத் திட்டத்தையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. எம்25 நெடுஞ்சாலையை நகர்த்தி அதன் மேலால் ஓடுபாதை போகும் திட்டம்.

வாசிக்கிற உங்களுக்கே இதில் களைப்பு வந்திருக்கும். இதற்குள் வாழ்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தில் மிகப் பெரிய அநியாயம் இதுதான். ஓடுபாதை ஒரு நாள் வந்தால் அது ஓர் இழப்பு. வரும், வராது, வரும் என்று ஒரு தலைமுறையை இழுத்தடித்தது அதைவிடப் பெரிய இழப்பு, அது ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு ஹார்மண்ட்ஸ்வர்த் குடும்பம் சமையலறையைத் திருத்திக் கட்டுவதற்கு 2002இல் தரை ஓடு வாங்கியது. பெட்டி பிரிக்காமல் இன்னமும் கராஜுக்குள் இருக்கிறது. இடிக்கப் போகிற வீட்டுக்கு யார் ஓடு பதிப்பார்கள்? இடிக்காமலே விட்டால் இத்தனை வருடம் பழைய சமையலறையில் சமைத்ததுதான் மிச்சம். அந்த வீட்டுக்கார அம்மா இதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது.

ஊர் உள்ளே இருந்து எப்படித் தளர்கிறது என்பதையும் கவனித்தேன். விரிவாக்கம் வருமென்று வீடுகளை விமான நிலையமே வாங்கிக் குறுகிய கால வாடகைக்கு விட்டதில், சிப்சனில் நிரந்தரக் குடிகள் குறைந்தார்கள். வருகிறவர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் இருந்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, வாடகைக்கு வீடு தேடுகிற பாடு நமக்குத் தெரியாததா? ஆனால் பள்ளியில் பெற்றோர் குழுவை நடத்தவும், தேவாலய மணி அடிக்கவும், களஞ்சியத்தைத் திறந்து மூடவும் பத்து வருடம் இருக்கிறவர்கள் வேண்டும். அப்படி ஆள் குறைந்தபின் "அந்த ஊரில் இப்போது என்ன இருக்கிறது?" என்று கேட்பது சுலபம். விமான நிலையத்துக்கு வருகிற கார்களைத் தெருவோரங்களில் நாள் கணக்கில் விட்டுப் போவதும், வாடகைக் கார் ஓட்டுநர்கள் அடுத்த அழைப்புக்காக வீட்டு வாசல்களை மறித்துக் காத்திருப்பதும் அந்தக் கிராமங்களின் பழைய முறைப்பாடு. ஓட்டுநர்களில் நம் தம்பிமாரும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை நாம் சொல்லலாம், சொன்னால் கேட்பார்கள்.

வீடு இடிபடுகிற சொந்தக்காரருக்குச் சந்தை விலைக்கு மேல் 25 சதவீதம் தருவதாக விமான நிலையம் முன்பே சொல்லியிருக்கிறது. சரி, அது சொந்த வீடு உள்ளவருக்கு. வாடகைக்கு இருப்பவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அந்தக் கிராமங்களில் வாடகைக்கு இருப்பவர்களில் விமான நிலையத்தில் இரவு வேலை செய்கிறவர்கள் கணிசமானோர், அவர்களில் நம்மவர்களும் உண்டு. இடிபடாமல் எஞ்சுகிற பாதி ஊரின் கதியும் தெளிவில்லை. களஞ்சியமும் தேவாலயமும் திட்ட வரைபடத்தில் தப்பிவிடுகின்றன. ஆனால் ஊர் இல்லாமல், விமான நிலைய வேலிக்குப் பக்கத்தில் நிற்கப் போகின்றன. ஆண்டுக்கு 4,80,000 என்று இன்றிருக்கும் விமான வரம்பு 7,56,000 வரை போனால் அந்த வேலியோரத்தில் யார் பிள்ளை வளர்ப்பார்கள்? இதுவரை அவ்வளவாகச் சத்தம் கேட்காத நம் பகுதிகள் சிலவற்றின் மேலாலும் புதிய பாதைகள் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி அந்தத் தடுப்பு முகாம். பாத் ரோட்டையும் கோல்ன்புரூக் பைபாஸையும் ஒட்டி நிற்கிற அந்தக் கட்டடத்தால்தான் ஹார்மண்ட்ஸ்வர்த் என்ற பெயரே நம் வீடுகளுக்குள் வந்தது. குடிவரவுக்காரரை அங்கே அடைத்து வைப்பது 1970இல் தொடங்கியது. 1980களில் அடைக்கலம் கேட்டு ஹீத்ரோவில் இறங்கிய நம் பொடியன்கள் பலர் அங்கே இருந்திருக்கிறார்கள். 1987 பெப்ரவரியில் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றப் போன தமிழர்கள் ஓடுதளத்திலேயே உடுப்பைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. வழக்கறிஞர்கள் ஓடிப் போய்த் தடையுத்தரவு வாங்கினார்கள். அந்தக் காலத்தில் நமக்காகப் பேச வந்தவர்கள் பலர் நம்மை முன்பின் அறியாத இந்த நாட்டுச் சாதாரண சனம். கைப்பட எழுதிய கடிதங்கள், தேவாலய மண்டபத்துக் கூட்டங்கள், எம்.பி.க்களின் அலுவலகத்தில் காத்திருப்பு, இவைதான் அவர்களிடம் இருந்த ஆயுதம். நாம் இங்கே கால் ஊன்றியதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஊரை விட்டுப் போ என்றால் என்ன என்பது தெரிந்த சனம் நாங்கள். அயல் ஊருக்கு அதே வார்த்தை வருகிறபோது டிக்கெட் விலையை மட்டும் கதைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பொருந்தவில்லை.

விமான நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் இதை எதிர்க்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். ஏன் முடியாது? இன்றைய இரண்டு ஓடுபாதைகளில்தான் 2024இல் 8 கோடியே 30 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்து போனார்கள். நம் வேலை அந்த இரண்டில்தான் இருக்கிறது. மூன்றாவது வந்தால் முதல் விமானம் 2035இல் என்பது அவர்களே சொல்கிற இலக்கு. அதுவரை சம்பளமும் ஒப்பந்த வேலையின் நிலைமையும் எப்படி இருக்கும் என்பது வேறு போராட்டம், அதற்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. வேலையை வைத்து வாயை அடைக்க விடக் கூடாது. மறுபக்கம், விரிவாக்கம் வேண்டும் என்று மனதார நம்புகிறவர்களும் நம்மில் இருப்பார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்களும் ஒருமுறை ஹார்மண்ட்ஸ்வர்த்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும். வாடகைக் குடிகளுக்கு மாற்று வீடு, இடிபடும் பள்ளிக்குப் பதிலாக முன்கூட்டியே புதுப் பள்ளி, எஞ்சும் பாதிக்கு எழுத்தில் உத்தரவாதம் ஆகியவற்றையாவது அவர்களும் நம்மோடு சேர்ந்து கேட்கலாம்.

எழுதச் சொல்வது வெறும் சடங்குக்கு அல்ல. விமான நிலையங்களுக்கான தேசியக் கொள்கை அறிக்கையை அரசு திருத்துகிறது. 2008ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டப்படி அதற்குப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும். பாராளுமன்றமும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நிறுவனம் கட்டுவதற்கான அனுமதி கேட்டு விண்ணப்பிக்க முடியும், அந்த விசாரணையிலும் நாம் பதிந்து பேசலாம். 1944இல் ஹீத்ரோ ஊர்ச் சனத்துக்குக் கிடைக்காத உரிமை இது. ஒரே வாசகத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்புவதைவிட, பத்துப் பேர் தங்கள் வீட்டையும் தெருவையும் வேலையையும் வைத்துச் சொந்தமாக எழுதுவது பலமானது. ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிற பெரியவர்களுக்கு நம் பள்ளிகளின் பழைய மாணவர்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாம். கோவில் மண்டபத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் போதும்.

தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளிடம் தனியாக ஒன்று. கோடை விடுமுறைச் சுற்றுலாவுக்கு எங்கெங்கோ கோச் பிடிக்கிறோம். இந்த முறை களஞ்சியம் திறந்திருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஹார்மண்ட்ஸ்வர்த்துக்குக் கூட்டிப் போங்கள். களஞ்சியத்தைப் பார்த்துவிட்டு, ஊர்ச் சதுக்கத்தைக் கடந்து, ஹார்மண்ட்ஸ்வர்த் மூர் பூங்காவில் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கலாம். அந்தப் பூங்கா ஒரு காலத்தில் குப்பை நிரப்பிய நிலம், இன்றைக்கு ஆறும் புல்வெளியுமாக இருக்கிறது, அதுவும் இந்தத் திட்டத்தில் பாதிக்கப்படும். களஞ்சியத் தொண்டர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். ஒரு பெரிய குழு வருவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் நல்லது.

எந்த அமைப்பாவது இதைத் தன் அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயமாகச் சேர்த்தால், வரைபடங்களோடு வந்து விளக்கவும், அந்தக் கிராமங்களில் இருந்து பேசக்கூடியவர்களை அழைத்து வரவும் நான் தயார். கருத்துக் கேட்கும் காலம் தொடங்கிச் சில வாரங்களிலேயே முடிந்துவிடும், அதை அறிவித்த பிறகு கூட்டத்துக்கு நாள் பார்த்தால் பிந்திவிடும். ஆகையால் இப்போதே ஒரு நாளைக் குறித்து வையுங்கள்.

அன்புடன்,
ஹேய்ஸில் இருந்து
உங்களில் ஒருவன்